பத்து வருடம் கழித்து எடுத்த மலையேற்றச் சப்பாத்து: கழன்ற அடியை ஒட்டலாமா?

பார்க்காமல் ஒட்ட வேண்டாம். பத்து வருடம் அலுமாரியில் கிடந்த சப்பாத்து கன்னியா வெந்நீரூற்று வரை நடந்ததிலேயே அடி கழன்றது என்றால், பசை போட்டாலும் திரும்பக் கழன்றுவிடக்கூடும்.

பழுதானது பெரும்பாலும் பசை அல்ல, அடிக்கும் மேற்பகுதிக்கும் இடையிலுள்ள நடு அடுக்கு. அது பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரை. போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரப்பதத்தில் உள்ளுக்குள்ளேயே சிதையும். திருகோணமலைக் கடற்காற்றுக்குச் சொல்லவா வேண்டும்!

அந்த அடுக்கை நகத்தால் அழுத்திப் பாருங்கள். காய்ந்த பாண் போல உதிர்ந்தால் புதுச் சப்பாத்துதான். இறுக்கமாக இருந்தால் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டித் தைக்கலாம். ஆனால் அதை நம்பி உடனே காட்டுக்குள் போகாதீர்கள். ஒரு வாரம் வீட்டுப் பக்கம் நடந்து பாருங்கள்.

அப்புறம், பழைய கூடாரம் இருந்தால் அதையும் இன்றே விரித்துப் பாருங்கள். உட்புறம் பிசுபிசுவென்று கையில் ஒட்டி, புளித்த வாடை அடித்தால் நீர் புகாமல் தடுக்கும் பூச்சும் போய்விட்டது. மாரி மழையை அது தாங்காது.