பட்டாளத்தில் இருந்தவர் போர் எழுத்தாளராக, தொலைக்காட்சிப் பேச்சாளராகப் பெயர் எடுக்க முடியுமா?

கேள்வி கேட்டவரின் அண்ணன் அடுத்த வருடம் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெறுகிறாராம். போர்களைப் பற்றி எழுதவும் யூடியூபில் பேசவும் ஆசையாம். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்களாம். இதற்கு முன்னால் யாராவது இப்படிச் செய்து ஜெயித்திருக்கிறார்களா என்பது கேள்வி.

செய்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தவர் பிரிட்டிஷ் லெப்டினன்ட் ஜெனரல் பிரையன் ஹாரக்ஸ். பிறந்தது நம் ராணிக்கேத்தில், 1895ல். அப்பா ராணுவ மருத்துவர். 1914ல் போருக்குப் போனவர், சில வாரங்களிலேயே வயிற்றில் குண்டடி பட்டு ஜெர்மானியரிடம் மாட்டிக்கொண்டார். மீதி நான்கு வருடமும் சிறை. தப்பிக்கப் பார்த்துக்கொண்டே இருந்ததால் அவரை ரஷ்யக் கைதிகளோடு போட்டார்கள். அவர் ரஷ்ய மொழியைக் கற்றுக்கொண்டார். விடுதலையாகி வந்ததும், சேர்ந்திருந்த நான்கு வருடச் சம்பளத்தை லண்டனில் ஆறே வாரத்தில் தீர்த்துவிட்டார். அப்புறம், ரஷ்ய மொழி தெரியும் என்று சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே ரஷ்யப் புரட்சி அரசின் செம்படையிடம் மாட்டி மறுபடியும் சிறை, கூடவே டைஃபஸ் காய்ச்சல். இதையெல்லாம் தாண்டி 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் மாடர்ன் பென்டத்லான் என்ற ஐந்து விளையாட்டுப் போட்டியில் வேறு கலந்துகொண்டார். பேச ஆளுக்குச் சரக்கு இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் கோர் கமாண்டர், அதாவது பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படையின் தளபதி. 1943 ஜூனில் துனிசியாவின் பிசெர்ட்டாவில் ஒரு ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜெர்மன் விமானம் சுட்டதில் நுரையீரல், குடல் எல்லாம் சேதம். ஐந்து அறுவை சிகிச்சை, பதினான்கு மாதம் படுக்கை. எழுந்து வந்ததும் பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரி அவரை 30வது கோருக்குத் தலைவராக்கினார். ஆனால் அந்தக் காயம் விடவில்லை. 1949ல் உடல்நிலை காரணமாகவே ராணுவத்தை விட்டார். அதன் பிறகு பிளாக் ராட் என்ற பதவி: நாடாளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்கும் நாளில் மக்களவைக் கதவைத் தன் முகத்தில் சாத்த விட்டு, கோலால் மூன்று முறை தட்டும் ஆள். 1963 வரை இருந்தார்.

அந்தக் காலத்தில்தான் பிபிசி தொலைக்காட்சியில் போர்க்களங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தயாரிப்பாளர் ஹ்யூ வெல்டனும் நார்மண்டியில் சண்டை போட்டு மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம் வாங்கியவர். நரைத்த தலை, மெலிந்த உருவம், ஓயாமல் அசையும் கைகள். பேராசிரியர் மாதிரிப் பாடம் எடுக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னார். 1960ல் சுயசரிதை. 1977ல் கோர் கமாண்டராக இருந்த நாட்களைப் பற்றித் தனிப் புத்தகம். நடுவில், பிரிட்டிஷ் ரெஜிமென்ட்களின் வரலாற்று நூல் வரிசை ஒன்றுக்குப் பொதுப் பதிப்பாசிரியர்.

சரி, கதை சொல்ல எத்தனையோ ஜெனரல்கள் இருந்தார்களே, இவர் மட்டும் ஏன்? என் கணக்கில், தான் செய்த தப்பை மறைக்காமல் சொன்னார், அதனால்தான். 1944 செப்டம்பர் 4 அன்று அவருடைய கவசப் படை பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரைப் பிடித்தது. துறைமுகம் சேதமில்லாமல் கையில் கிடைத்தது. ஊரெல்லாம் கொண்டாட்டம். ஹாரக்ஸின் கண் முழுக்க ரைன் நதி மேலேயே இருந்தது. ஊருக்குள் நிற்காமல் இன்னும் சுமார் 25 கிலோமீட்டர் வடமேற்கே போயிருந்தால், ஜெர்மன் 15வது ராணுவம் வெளியேறும் வழியை அடைத்திருக்கலாம். அவர் போகவில்லை. ஜெர்மானியர்கள் ஸ்கெல்ட் கழிமுகத்தைப் படகுகளில் கடந்து தப்பினார்கள். கடலிலிருந்து துறைமுகத்துக்கு வரும் அந்தக் கழிமுகம் ஜெர்மானியர் பிடியிலேயே இருந்ததால், முதல் சரக்குக் கப்பல் வரிசை அந்தத் துறைமுகத்துக்குள் வர நவம்பர் 28 ஆயிற்று. யார் மேலும் பழி போடாமல், இது என் தவறு என்று அவரே எழுதிவைத்தார்.

இன்னொன்று கிளீவ் என்ற ஜெர்மன் நகரம். 1945 பிப்ரவரியில் ரைக்ஸ்வால்ட் காட்டுத் தாக்குதல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பீரங்கிகள் முழங்க, ஹாரக்ஸ் மரத்தின் பாதி உயரத்தில் கட்டிய பரண் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய இரவு, அவர் சம்மதம் கொடுத்ததால் விமானப்படை கிளீவ் நகரைத் தரைமட்டமாக்கியது. ஜெர்மானிய உதவிப் படை அந்த ஊர் வழியாகத்தான் வர முடியும் என்பது அவர் கணக்கு. அவர் கேட்டது தீக்குண்டு, விழுந்தது வெடிகுண்டு. அந்தப் பள்ளங்களில் அவருடைய டாங்கிகளே சிக்கிக்கொண்டன. பல வருடம் கழித்து ஒரு தொலைக்காட்சி ஆவணத் தொடரில் இதைச் சொன்னார்: போருக்குப் பிறகு நிறையக் கெட்ட கனவுகள் வந்தன, எல்லாமே கிளீவ் பற்றியவை. வெற்றிபெற்ற ஜெனரல் கேமரா முன்னால் சொன்னது இது.

நான் ராணுவத் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் பதினேழு வருடம் இருந்தவன். ஒரு பள்ளியில் குடியரசு தினத்துக்குப் பேசக் கூப்பிட்டார்கள். ஒழுக்கம், தியாகம் என்று பத்து நிமிடம் பேசினேன். முன்வரிசைப் பையன் ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். வாய் தவறி, ஒரு பயிற்சியில் நான் ரேடியோவைத் தப்பான அலைவரிசையில் வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் யாரும் பேசவில்லையே என்று டீ குடித்துக்கொண்டிருந்த கதையைச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், "அப்புறம் சார்? சுபேதார் அடிச்சாரா சார்?" என்று கேள்வி மேல் கேள்வி. லேஸ் பையன்தான் முதலில் கை தூக்கினான்.

ஆன்ட்வெர்ப்புக்குப் பிறகு நடந்த ஆர்ன்ஹெம் (நெதர்லாந்து) சண்டையைப் பற்றி 1977ல் வந்த 'எ பிரிட்ஜ் டூ ஃபார்' படத்தில் எட்வர்ட் ஃபாக்ஸ் ஹாரக்ஸாக நடித்தார். அதில் சண்டைக்கு முன் அதிகாரிகளிடம், இந்தக் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வீர்கள், அவர்களுக்குக் கேட்டு அலுத்துப்போகும் என்பார். அண்ணனுக்கு முதலில் அந்தக் காட்சியைக் காட்டுங்கள். சேனலில் யூனிட் எங்கே இருந்தது, என்ன கருவி வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். முதல் வீடியோவுக்கு, மெஸ்ஸில் நண்பர்கள் இன்றும் அவரைக் கிண்டல் செய்யும் சம்பவம் எதுவோ அதை எடுத்துக்கொள்ளட்டும். கண்டிப்பாக ஒன்று இருக்கும், அவர் வாயைப் பிடுங்கிப் பாருங்கள்.