சேட்டிலைட் சேனலில் பங்கு தருகிறாராம்: பணம் கொடுக்கலாமா?

கேள்வி: கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். புதிதாக ஒரு தமிழ் சேட்டிலைட் சேனல் வருவதாகவும், 8 லட்சம் ரூபாய் கொடுத்தால் அதில் பங்கும் மாவட்டப் பொறுப்பாளர் பதவியும் தருவதாகவும் உறவினர் மூலம் அறிமுகமான ஒருவர் சொல்கிறார். "1993-ல் சன் டிவியும் சின்னதாகத்தான் தொடங்கியது. அன்று பணம் போட்டவர்கள் இன்று கோடீஸ்வரர்கள்" என்கிறார். லைசென்ஸ் என்று அவர் கொடுத்த நகல்களை இணைத்திருக்கிறேன். முன்பணமாக 50,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். மீதியைக் கொடுக்கலாமா? – ஒரு வாசகர், கரூர் மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள், ஐயா. கொடுத்ததை எப்படி மீட்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய மூன்று நகல்களையும் ஒரு வரி விடாமல் படித்தேன். முதலாவது, நிறுவனப் பதிவுச் சான்றிதழ். சில ஆயிரம் ரூபாய் செலவில் யார் வேண்டுமானாலும் ஒரு பிரைவேட் லிமிடெட் தொடங்கி இதை வாங்கிவிடலாம். இரண்டாவது, டிரேட்மார்க் கேட்டு விண்ணப்பித்ததற்கான ரசீது. கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான், கிடைத்ததாக அதில் இல்லை. மூன்றாவது, சிறு குறு தொழில்களுக்கான உதயம் பதிவு. கட்டணமே இல்லாமல் இணையத்தில் கிடைப்பது. இவற்றின் தலைப்பில் இருக்கும் சிங்க முத்திரையைக் காட்டித்தான் "கவர்மெண்ட் லைசென்ஸ்" என்று நம்பவைக்கிறார்கள். தொலைக்காட்சி நடத்துவதற்கான அனுமதி எதுவும் இந்த மூன்றிலும் இல்லை.

உண்மையான அனுமதி மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடமிருந்து வர வேண்டும். பொழுதுபோக்கு சேனல் என்றால் நிறுவனத்தின் நிகர மதிப்பு (சொத்தில் கடனைக் கழித்தது) குறைந்தது 5 கோடி ரூபாய் இருக்க வேண்டும். செய்தி சேனல் என்றால் 20 கோடி. உள்துறை அமைச்சகத்தின் பாதுகாப்பு ஒப்புதலும் வேண்டும். உங்களிடம் காட்டப்பட்ட நிறுவனத்தின் பெயரை மத்திய நிறுவன விவகாரத் துறையின் இணையதளத்தில் தேடினேன். செலுத்தப்பட்ட மூலதனம், அதாவது பங்குதாரர்கள் போட்ட பணம், 1 லட்சம் ரூபாய். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சன் டிவியைப் பற்றி அவர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் அது ஆபத்தானது. 1993 ஏப்ரல் 14 அன்று, ஏ.டி.என். என்ற சேனலில் சில மணி நேரத்தை எடுத்துக்கொண்டு சிறிதாகத்தான் கலாநிதி மாறன் தொடங்கினார். ஆனால் "பணம் போட்டவர்கள்" என்று அன்று பொதுமக்கள் யாரும் இல்லை. சுமங்கலி பப்ளிகேஷன்ஸ் என்ற தனியார் நிறுவனமாக 1985-ல் பதிவான நிறுவனம் அது. அதன் பங்கு பொதுமக்களுக்கு முதன்முதலாக விற்பனைக்கு வந்தது 2006 ஏப்ரலில், பங்கு ஒன்றுக்கு 875 ரூபாய் விலையில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிகளுக்கு உட்பட்டு. மாவட்டவாரியாக ஆள் வைத்து வசூலித்து வளர்ந்த நெட்வொர்க் அல்ல.

வளர்ந்த விதமும் வேறு. தமிழில் தூர்தர்ஷனுக்கு மாற்றே இல்லாத காலம். பத்திரிகைத் தொழில் குடும்பத்திலேயே இருந்தது. பூமாலை என்ற வீடியோ இதழை நடத்திய பழக்கம் இருந்தது. தந்தை முரசொலி மாறன் மத்திய அமைச்சராக இருந்தவர். பிற்பாடு சுமங்கலி கேபிள் விஷன் வழியாக, வீடுகளுக்குள் போகும் கேபிளும் அதே குழுமத்தின் கைக்கு வந்தது. இதை நான் அழுத்திச் சொல்வேன்: நிகழ்ச்சி எடுப்பது எளிது, அதை வீட்டுக்குள் கொண்டுசேர்ப்பதுதான் தொழில். இன்று புதிய சேனல் ஒன்று கேபிள் நிறுவனத்துக்குக் கேரேஜ் கட்டணம், அதாவது சேனலை வீடுகளுக்குக் கொண்டுபோகும் கூலி, கட்ட வேண்டியிருக்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒரு சேனலுக்கு ஒரு இணைப்புக்கு மாதம் 20 பைசா வரை கேட்கலாம். 10 லட்சம் இணைப்பு என்றால் மாதம் 2 லட்சம், அதுவும் ஒரே ஒரு நிறுவனத்துக்கு. உங்கள் 8 லட்சம் நான்கு மாதத்துக்கு மேல் தாங்காது. விஜய் டிவியும்கூட ஜி.இ.சி. (கோல்டன் ஈகிள் கம்யூனிகேஷன்) என்ற பெயரில் தொடங்கி, கைகள் மாறி, 2001-ல் ஸ்டார் குழுமத்திடம் போன பிறகே காலூன்றியது.

"சன் டிவியே நேரத்தை வாடகைக்கு எடுத்ததே, நாமும் எடுத்தால் என்ன?" என்று அந்த நபர் அடுத்துக் கேட்பார். இந்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஸ்லாட், அதாவது சேனலில் ஒளிபரப்பு நேரம், வாங்குவது சட்டப்படி சரியான வியாபாரம். காலை ஆன்மிகம், சித்த மருத்துவம், மனை விற்பனை என்று நீங்கள் பார்க்கும் பல நிகழ்ச்சிகள் காசு கொடுத்து வாங்கிய அரைமணி நேரங்கள்தான். ஆனால் ஸ்லாட் வாங்குகிறவருக்குச் சேனலில் காலணா உரிமை கிடையாது. ஒப்பந்தம் அனுமதி பெற்ற நிறுவனத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். இடையில் நிற்பவர் பெயரில் இருக்கக் கூடாது. பணம் அந்த நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குப் போய், ஜி.எஸ்.டி. பில் வர வேண்டும். ஒளிபரப்பான பிறகு, எந்தத் தேதியில் எந்த நேரத்தில் போனது என்ற டெலிகாஸ்ட் சர்டிபிகேட் வர வேண்டும். தரகர்கள் செய்வது என்னவென்றால், மூன்று மாத ஸ்லாட் ஒன்றை எடுத்து, அதில் தங்கள் சேனலின் லோகோவைக் காட்டி, "பாருங்கள், ஒளிபரப்பு தொடங்கிவிட்டது" என்று அதையே பங்காக இருபது பேரிடம் விற்பதுதான். மூன்று மாதம் முடிந்தால் லோகோவும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டார்.

மாவட்டப் பொறுப்பாளர் பதவியும் இதே சரக்குதான். ஓர் அடையாள அட்டை, வண்டியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர். சம்பளம் தர வேண்டிய வேலைக்கு உங்களிடமே பணம் கேட்கிறவர் முதலாளியாக இருக்க முடியாது.

அனுமதி பெற்ற சேனல்களின் பட்டியலை அமைச்சகம் வெளியிடுகிறது. அதை ஒரு சாமானியர் தமிழில் படிக்க இத்தனை ஆண்டுகளாக ஏற்பாடு செய்யாதது எனக்குத் தீராத கோபம். ஏமாந்தவர் காவல் நிலையத்துக்குப் போனால் "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அப்படி அனுப்புவதற்கு வசதியாகவே தரகர்கள் ரசீது எழுதுகிறார்கள். உங்கள் ரசீதைப் பாருங்கள்: பங்கு என்றோ டெபாசிட் என்றோ இல்லை, "நன்கொடை" என்று இருக்கிறது.

பங்குக்கான பணத்தை ரொக்கமாக வாங்கவே கூடாது என்கிறது 2013-ம் ஆண்டு நிறுவனச் சட்டம். 60 நாளில் பங்கு ஒதுக்காவிட்டால் அடுத்த 15 நாளில் திருப்பித் தர வேண்டும், தவறினால் 12 சதவீத வட்டியுடன். இந்த உரிமை உங்களுக்குப் பயன்பட, பணம் பங்குக்காகத்தான் போனது என்பதை எழுத்தில் வரவழைக்க வேண்டும். இன்றே அவருக்கு வாட்ஸ்அப்பில், "பங்குக்காக நான் கொடுத்த 50,000 ரூபாய்க்கு ஒதுக்கீட்டுக் கடிதம் எப்போது வரும்?" என்று மட்டும் கேளுங்கள். கோபமாக எதுவும் எழுத வேண்டாம். "விரைவில் வரும்" என்று அவர் பதில் போட்டால் அதை அழிக்காமல் பத்திரப்படுத்திவிட்டு, பணத்தைத் திருப்பிக் கேட்டு, நிறுவனத்தின் பதிவு முகவரிக்கு பதிவு வசதியும் ஒப்புகையும் சேர்த்து ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். 15 நாளில் பதில் இல்லையென்றால், மாதாமாதம் வருமானம் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தால் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்கும், இல்லையென்றால் மாவட்டக் குற்றப் பிரிவுக்கும் புகார் எழுதுங்கள். உங்கள் உறவினர் எவ்வளவு கொடுத்திருக்கிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இருவரும் சேர்ந்து கொடுக்கும் புகாரைத் தள்ளிவிடுவது கடினம்.