ஓநாய் அழுத கதை

கேள்வி: வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியே அமிலச் சுரப்பைக் குறைக்கும் பொருளையும் வெளியிடுகிறதாமே? அதைப் பிரித்தெடுத்து நெஞ்செரிச்சலுக்கு மாத்திரையாக்கினால் என்ன?
– நுண்ணுயிரியல் மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: சொதிச் சோற்றோடு இஞ்சித் துவையலையும் மறக்காமல் வைக்கும் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வராமல் இருக்குமா! படித்தது சரிதான். 1984-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் இந்தக் கிருமியை வளர்த்துத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி. வந்த நீரில் அமிலம் இல்லை. (2005-இல் ராபின் வாரனோடு நோபல் பரிசு வந்தது. குடித்ததற்காக மட்டும் அல்ல.)

ஆனால் இது, ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. கிருமி தான் பிழைக்கத்தான் அமிலத்தைக் குறைக்கிறது. அப்படிக் குறைக்கும் பொருள்களாக ஒரு புரதத்தையும் ஒரு கொழுப்பமிலத்தையும் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அழற்சியின்போது நம் உடலே சுரக்கும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற சமிக்ஞைப் புரதமும் அமிலத்தை அடக்கும். யார் செய்த வேலை என்று பிரித்தறிவதுதான் பெரும்பாடு.

அதில் நான் சூடுபட்டவன். ஆய்வு மாணவனாகத் தாமிரபரணிக் கரை மண்ணில் ஒரு பாக்டீரியாவைப் பிடித்தேன். அதன் வளர்ப்புத் திரவத்தைத் துளிவிட்ட அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) தட்டில், வேறு கிருமி வளராத வளையம் கண்ணாடிபோல் விழுந்தது. மூன்று நாள் என் கால் தரையில் பாவவில்லை. நான்காம் நாள் பேராசிரியர் ஒரு லிட்மஸ் தாளை நீட்டினார். நனைத்தேன், சிவந்தது. புது மருந்துமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. சர்க்கரையைத் தின்று பாக்டீரியா விட்ட அமிலம். காரம் சேர்த்து நடுநிலையாக்கியதும் வளையமே விழவில்லை.

உங்கள் கிருமியிடம் ஏமாற்று தலைகீழாக நடக்கும். அதன் யூரியேஸ் நொதி யூரியாவை அம்மோனியாவாக்கும்; அம்மோனியா அமிலத்தைச் சமன்செய்துவிடும். சுரப்பு குறையவே இல்லை, குறைந்ததுபோல் தெரியும். அதனால் அம்மோனியாவை முதலில் கழிக்க வேண்டும். திரவத்தைக் கொதிக்க வைத்ததும் விளைவு போய்விட்டால் புரதத்தைச் சந்தேகிக்கலாம். எத்தில் அசிடேட் என்ற கரைப்பானில் இறங்கினால் கொழுப்பு வகையாக இருக்கலாம். கலவையைக் கூறுகூறாகப் பிரிக்கும் குரோமட்டோகிராபியில் பிரிந்த ஒவ்வொரு பகுதியையும், ஹிஸ்டமின் கொடுத்துத் தூண்டிய முயல் இரைப்பைச் செல்களில் சோதிப்பார்கள். செல் உயிரோடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். செத்த செல்லும் அமிலம் சுரக்காது.

மாத்திரையா? புரதமாக இருந்தால் வயிறே அதைச் செரித்துவிடும். இரைப்பைச் செல்லின் அமிலப் பம்பை நேரடியாக அடைக்க ஒமெப்ரசோல் என்ற மருந்து ஏற்கெனவே இருக்கிறது. ஹெலிகோபாக்டர் 1994-இலேயே புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் ஏறிவிட்டது. அதை வளர்ப்பதும் எளிதல்ல. யூரியேஸின் வேலையைப் பார்க்க, அதே நொதி சுரக்கும் புரோட்டியஸ் பாக்டீரியா உங்கள் கல்லூரியில் இருந்தால் போதும்: யூரியா அகாரில் கோடிழுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய் வாருங்கள், அம்மோனியாவால் மஞ்சள் நிற அகார் இளஞ்சிவப்பாகியிருக்கும்.