வாங்கும் முன் திருப்புளியை எடுங்கள்
(எலக்ட்ரிக் கிட்டார் பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் காந்தமும் காயிலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்)

கேள்வி: என் கிட்டாரில் பிரிட்ஜ் (உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் பகுதி) பக்கம் 8 கிலோ ஓம் ஹம்பக்கர் (இரைச்சலை அடக்கும் இரட்டைக் காயில் பிக்கப்) இருந்தது. “ஓம் கூடினால் பவர் கூடும்” என்றார்கள். 16 கிலோ ஓம் வாங்கி மாட்டினேன். டிஸ்டார்ஷன் போட்டால் கோர்டு எல்லாம் கூழாகிவிடுகிறது. டூப்ளிகேட்டைத் தள்ளிவிட்டார்களா?
– மதுரை வாசகர்

பதில்: பிக்கப்பைச் சந்தேகிக்க வேண்டாம், கணக்குதான் தப்பு. ஓம் என்பது காயிலில் சுற்றிய செம்புக் கம்பியின் மின்தடை, அவ்வளவே. அதே எண்ணிக்கைச் சுற்றை இன்னும் மெல்லிய கம்பியில் சுற்றினாலும் ஓம் ஏறிவிடும், சத்தம் ஏறாது. ஒரே வகைக் கம்பி, ஒரே வகைக் காந்தம் கொண்ட இரண்டு பிக்கப்பை ஒப்பிட மட்டும்தான் அந்த எண் உதவும். கிப்சன் 1957-இல் கிட்டார்களில் பொருத்தத் தொடங்கிய ஹம்பக்கர் 7 முதல் 9 கிலோ ஓம்தான். அதில் வராத ராக் சத்தமா?

டோனை முடிவு செய்வது இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதைக் காயில் எதிர்க்கும் குணம், அளவு ஹென்றியில்). சுற்று கூடினால் அதுவும் கூடும். அது கேபிளின் கெப்பாசிட்டன்ஸோடு (மின்னூட்டத்தைத் தேக்கும் குணம், அளவு ஃபாரட்டில்) சேர்ந்து ஓரிடத்தில் ஒலியைத் தூக்கிக் காட்டும். அதற்கு மேலுள்ள கீச்சு ஒலியெல்லாம் சரிந்துவிடும். 3 மீட்டர் கேபிளையும் சேர்த்து 500 பிகோ ஃபாரட் என்று வைத்துக்கொண்டால், ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை கிட்டாரின் சிங்கிள் காயிலுக்கு, அதாவது ஒற்றைக் காயில் பிக்கப்புக்கு (2.4 ஹென்றி) அந்த இடம் தோராயமாக 4,600 ஹெர்ட்ஸ். பழைய பாணி ஹம்பக்கருக்கு (4.4 ஹென்றி) 3,400. உங்களுடையதைப் போல அதிகம் சுற்றியது 8 ஹென்றி அளவில் இருந்தால் 2,500. அதையே 6 மீட்டர் கேபிளில் வாசித்தால் 1,900-க்கு வந்துவிடும். கோர்டில் ஒவ்வொரு தந்தியையும் பிரித்துக் காட்டும் பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. போதாததற்கு, கூடுதல் அவுட்புட் ஆம்ப்பின் முதல் கட்டத்தையே திணறடிக்கிறது.

இப்போதைக்குச் செலவில்லாத வழி: கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிக்கும் பிக்கப் திருகின் தலைக்கும் உள்ள இடைவெளியை ஸ்டீல் ஸ்கேலால் அளங்கள். சாதாரண ஹம்பக்கருக்கு பிரிட்ஜில் 1.6 மி.மீ., நெக்கில் 2.4 மி.மீ. என்று தொடங்குவது வழக்கம். உங்களுடையதை 2.5, தேவைப்பட்டால் 3 மி.மீ. வரை இறக்குங்கள், பிக்கப்பின் இரு ஓரத் திருகுகளையும் ஒரு தடவைக்குக் கால் சுற்று, பிறகு வாசித்துப் பார்ப்பது. ஆம்ப்பில் கெயினையும் குறையுங்கள். வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியிலுள்ள மாறு மின்தடை) முதுகில் 250கே (250 கிலோ ஓம்) என்று போட்டிருந்தால் 500கே மாற்றுங்கள். மூடிக் கிடந்தது திறந்த மாதிரி இருக்கும். இத்தனைக்குப் பிறகும் கூழ்தான் என்றால் பழைய 8 கிலோ ஓமையே திரும்ப மாட்டுங்கள். புதிது வாங்குவதானால் அல்நிகோ 5 (அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த கலவை) காந்தம் எடுங்கள். அல்நிகோ 2 இன்னும் மிருதுவாகப் பேசும், ஆனால் கீழ்த்தந்தி சற்றுத் தளர்ந்து கேட்கும். செராமிக் இறுக்கமானது, மெட்டல் வாசிப்பவர்களுக்குப் பிடிக்கும். பிரிட்ஜில் முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் உள்ள அகலத்தையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்: 50 மி.மீ. அளவுக்கும் 52–53 மி.மீ. அளவுக்கும் தனித்தனி பிக்கப் இருக்கிறது.

கேள்வி: ஸ்ட்ராட் வகை கிட்டார். ஃபேன் ரெகுலேட்டரைக் குறைத்தால் ‘உர்ர்’ கூடுகிறது. தந்தியைத் தொட்டால் குறைகிறது. இரைச்சலில்லாத பிக்கப் வாங்கலாமா?
– சேலம் வாசகர்

பதில்: தொட்டால் குறைகிறது என்றால் கிட்டாருக்குள் கிரவுண்ட் ஒயர் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். (தொட்டால் கூடினால், ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கும்.) எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்அலையை வெட்டி வெட்டி அனுப்புகிறது, அந்த வெட்டுதான் உங்களுக்குக் கேட்கிறது. ஆம்ப்பை வேறு சுவரின் பிளக்கில் மாட்டி, ஒரே இடத்தில் நின்றபடி மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் இரைச்சல் பாதியாகும்.

பிறகு ஸ்விட்சை 2 அல்லது 4-ஆம் இடத்தில் (நடு பிக்கப்போடு இன்னொன்று சேரும் இடங்கள்) வையுங்கள். அங்கே அமைதியானால் நடு பிக்கப் எதிர்ச்சுற்றாகச் சுற்றப்பட்டது. பாதிப் பிரச்சினைக்கு விடை கையிலேயே இருக்கிறது. உள்குழியில் செம்புத் தகடு ஒட்டி, ஒட்டுகளைச் சால்டர் செய்து கிரவுண்டில் இணைத்தால் ‘ஜிர்ர்’ நன்றாகக் குறையும்; டிரான்ஸ்ஃபார்மர் கிளப்பும் 50 ஹெர்ட்ஸ் ‘ம்ம்ம்’ குறையாது. அதற்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு காயில் அடுக்கிய பிக்கப்தான் வழி. அதில் மேல் ஒலியின் பளபளப்பு கொஞ்சம் போகும். இரைச்சலை அடக்குகிறேன் என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், தந்தி உங்கள் விரலில் இருக்கிறது.

கேள்வி: ஸ்ட்ராட்டில் கர்நாடக இசை வாசிக்கிறேன். மூன்றாம் தந்தி மட்டும் துள்ளிக்கொண்டு கேட்கிறது. ஆறாம் தந்தியில் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் சுருதி அலைகிறது. தந்தியை இழுத்து கமகம் பிடித்தால் ஒலி நடுவில் தேய்கிறது. ஹம்பக்கருக்கு மாறிவிடலாமா?
– மயிலாப்பூர் வாசகர்

பதில்: மூன்றும் மூன்று நோய். சுருதி அலைவது காந்தம் தந்தியை இழுப்பதால். ஸ்ட்ராட் பிக்கப்பில் நிற்கும் ஆறு உருளைகளும் தாமே காந்தங்கள். நெக் பிக்கப்பின் ஆறாம் தந்திப் பக்கத்தை 3 மி.மீ. இடைவெளிக்கு இறக்குங்கள், நின்றுவிடும். ஒலி நீளமும் கூடுவதைக் கவனிப்பீர்கள்.

மூன்றாம் தந்தி துள்ளுவது 1950-களின் எச்சம். அன்று அந்தத் தந்தி சுருள் சுற்றியதாக இருந்தது, அதன் சத்தம் குறைவு என்பதால் அந்த உருளையை உயர்த்தி வைத்தார்கள். இன்று நாம் போடுவது வெறுங்கம்பி. உருளை மட்டும் அதே உயரத்தில் நிற்கிறது. அதைக் கட்டைவிரலால் அழுத்தி இறக்கலாமே என்று தோன்றும். கூடாது! பழைய பாணியில் காயிலை அந்தக் காந்தத்தின் மேலேயே சுற்றியிருப்பார்கள். முடியைவிட மெல்லிய கம்பி, அசைத்தால் உள்ளே அறுந்துவிடும், பிக்கப் ஊமையாகும். உருளைகள் ஒரே மட்டத்தில் இருக்கும் பிக்கப்பைக் கேட்டு வாங்குங்கள்.

தேய்வது ஏனென்றால், தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது அது உருளையின் தலையை விட்டு விலகுகிறது. இந்த விலகல் பிரிட்ஜருகே குறைவு, நெக்கருகே அதிகம். நீங்கள் வாசிப்பதோ நெக் பிக்கப்பில்தான் என்று ஊகிக்கிறேன். சிங்கிள் காயில் குழியிலேயே உட்காரும், உருளைக்குப் பதில் நீளத் தகடு வைத்த ஹம்பக்கர் கிடைக்கிறது. நெக்கில் அது ஒன்றை மட்டும் மாற்றினால் போதும், மரத்தைக் குடைய வேண்டியதில்லை. அவுட்புட் குறைந்த ரகமாக எடுங்கள்.

கேள்வி: பிரிட்ஜில் டிமார்ஸியோ கம்பெனி ஹம்பக்கர், நெக்கில் சீமோர் டங்கன் கம்பெனி ஹம்பக்கர். தனித்தனியாக அருமை. இரண்டையும் சேர்த்தால் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ மாதிரி சன்னமாகிறது.
– கோவை வாசகர்

பதில்: இரண்டும் எதிரெதிர்த் திசையில் பேசிக்கொண்டு ஒன்றையொன்று அழிக்கின்றன. டங்கனில் கறுப்பு சிக்னல், பச்சை கிரவுண்ட், சிவப்பும் வெள்ளையும் முறுக்கிச் சேர்ப்பது. டிமார்ஸியோவில் சிவப்பு சிக்னல், பச்சை கிரவுண்ட், கறுப்பும் வெள்ளையும் சேர்ப்பது. ஒன்றின் படத்தை வைத்து மற்றதைப் பற்றவைத்திருந்தால் தனியாகவே சன்னமாக இருக்கும்; தனியாக நன்று என்பதால் அது இல்லை. ஏதாவது ஒரு பிக்கப்பில் மட்டும் சிக்னலையும் பச்சையையும் இடம் மாற்றுங்கள். உறையில்லாத வெற்று ஒயர் கிரவுண்டிலேயே இருக்கட்டும்.

அடுத்த முறை சால்டருக்கு முன்பே பார்த்துவிடலாம்: டிஜிட்டல் மல்டிமீட்டரை 20கே ஓமில் வைத்து பிக்கப்பின் இரு முனையிலும் பிடித்து, திருப்புளியின் இரும்பு முனையைத் திருகுகளின் மேல் தொட்டுச் சட்டென்று எடுங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். இரண்டு பிக்கப்பிலும் ஒரே பக்கம் நகர வேண்டும்.

கேள்வி: 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப்பைப் பழைய 500கே பாட்டிலேயே இணைக்கலாமா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: சத்தம் வரும். ஆனால் வால்யூம் குமிழ் படிப்படியாகக் குறையாமல், ஸ்விட்ச் மாதிரி ஒரே இடத்தில் விழும். 25கே பாட் போடுங்கள். ஜாக்கும் ஸ்டீரியோ ரகமாக வேண்டும், ஏனென்றால் பேட்டரியை ஆன் செய்வதே அதுதான். வாசித்து முடித்ததும் கேபிளை உருவி வையுங்கள், இல்லாவிட்டால் இரவெல்லாம் பேட்டரி வடிந்துகொண்டிருக்கும்.