குடியரசுத் தலைவருக்கு ஒரு 'ஷல்'

கேள்வி: 'ஷுட்' என்றால் அறிவுரை, 'மஸ்ட்' என்றால் கட்டாயம், 'மஸ்ட் நாட்' என்றால் தடை என்று பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதை அவள் மறக்காமல் இருக்க வழி சொல்லுங்கள்.
(வாசகி ஒருவர், கும்பகோணம்)

பதில்: மறந்துவிட்டால் நல்லது என்பேன். இடப்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒரு தமிழ்ச் சொல் என்று அச்சடித்து விற்கும் வழிகாட்டி நூல்களோடு எனக்குப் பழைய பகை. இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன், இன்னமும் எழுதுவேன். 'மஸ்ட்' என்றாலும் 'வேண்டும்', 'ஷுட்' என்றாலும் 'வேண்டும்' என்று போட்டுவிட்டு, குழம்பும் பிள்ளையைக் குறை சொல்கிறார்கள்.

மீறினால் என்ன ஆகும் என்று கேட்கப் பழக்குங்கள். பிரிட்டனின் சாலை விதிகளைத் தொகுத்த 'ஹைவே கோடு' நூலில் 'மஸ்ட்' என்று இருந்தால் அதன் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது. சிவப்பு விளக்கைத் தாண்டினால் குற்றம். 'ஷுட்' என்று இருப்பதை மீறுவது மட்டுமே குற்றமாகாது. ஆனால் விபத்து நேர்ந்து வழக்கு வந்தால், அந்த வரியையே உங்களுக்கு எதிராக நீதிமன்றத்தில் காட்டலாம். உங்கள் அட்டவணையில் இதற்கு எங்கே இடம்?

'அறிவுரை' என்றீர்களே, அதற்கு வருகிறேன். நம் அரசியலமைப்பின் 74ஆம் பிரிவில், குடியரசுத் தலைவருக்கு உதவவும் ஆலோசனை கூறவும் ஓர் அமைச்சரவை உண்டு. அந்த ஆலோசனைப்படியே அவர் நடந்தாக வேண்டும் என்று முதலில் வெளிப்படையாக எழுதவில்லை. 1960இல் அப்போதைய குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் இந்தக் கேள்வியைப் பொதுமேடையிலேயே எழுப்பினார். 1976இல் 42ஆவது திருத்தம் அங்கே ஒரு 'ஷல்' வைத்தது. நடந்தே தீர வேண்டும் என்று ஆயிற்று. 1978இல் 44ஆவது திருத்தம் ஒரு 'மே' சேர்த்தது. மறுபரிசீலனை செய்யுங்கள் என்று அவர் கேட்கலாம். மறுபரிசீலனைக்குப் பின் வரும் ஆலோசனைக்கு மீண்டும் 'ஷல்'. பெயர் ஆலோசனை, தன்மை கட்டாயம்! ஆளுநருக்கான 163ஆம் பிரிவில் அந்த 'ஷல்' வைக்கப்படவில்லை. மாநில அரசுக்கும் ஆளுநருக்கும் தகராறு வரும்போதெல்லாம் அந்தப் பிரிவை வைத்து வாதாடுகிறார்கள். அங்கும் அதை எழுதியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் மகளிடம் திரும்புகிறேன். அவள் தடுக்கி விழப்போகும் இடம் எதிர்மறை. 'மஸ்ட்', 'ஹேவ் டு' இரண்டும் உடன்பாட்டில் ஏறக்குறைய ஒன்று. 'நாட்' சேர்ந்ததும் ஒன்று தடையாகிறது, மற்றது கட்டாயமில்லை என்றாகிறது. நம் 'வேண்டாம்' இரண்டு வேலையையும் செய்வதால்தான் நம் பிள்ளைகள் இங்கே தவறுகிறார்கள். 'நாளை பள்ளிக்கு வர வேண்டாம்' என்பதை அவளை இருமுறை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். மழைக்காக விடுமுறை அறிவிக்கும் தலைமையாசிரியராக ஒருமுறை, 'டோன்ட் ஹேவ் டு' போட்டு. அம்மை கண்ட பிள்ளையைத் தள்ளியிருக்கச் சொல்லும் மருத்துவராக ஒருமுறை, 'மஸ்ட் நாட்' போட்டு.