ரோமர் 8:35-ல் வரும் ‘நிர்வாணம்’: கிரேக்கச் சொல் என்ன, அதன் இலக்கணம் என்ன?

அங்கே மூலத்தில் இருப்பது ‘கும்னோதேஸ்’. ‘கும்னோஸ்’ என்றால் ஆடையற்ற. அதோடு ‘-தேஸ்’ சேர்ந்தால் பண்புப்பெயர். நம் ‘-மை’ செய்கிற வேலைதான். ‘காய்னோஸ்’ புதிய, ‘காய்னோதேஸ்’ புதுமை என்பதும் இப்படித்தான். பெண்பால் சொல், மூன்றாம் விகுதி வகை; அதாவது வேற்றுமைக்கேற்ப விகுதி மாறும் கிரேக்கப் பெயர்ச்சொல் வகைகளில் மூன்றாவது.

புதிய ஏற்பாட்டில் இது மூன்றே இடத்தில் வருகிறது. வேடிக்கை என்னவென்றால் மூன்றிலும் வேறு வேறு வேற்றுமை. ரோமரில் எழுவாய். 2 கொரிந்தியர் 11:27-ல் ‘கும்னோதேதி’, அதாவது ‘நிர்வாணத்திலும்’. வெளிப்படுத்தல் 3:18-ல் ‘கும்னோதேதோஸ்’, ஆறாம் வேற்றுமை. நேராகச் சொன்னால் ‘உன் நிர்வாணத்தின் வெட்கம்’. நம் பழைய மொழிபெயர்ப்பு ‘நிர்வாணமாகிய அவலட்சணம்’ என்று இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. எனக்கென்னவோ ‘வெட்கம்’தான் பொருத்தமாகப் படுகிறது.

சரி, உடம்பில் ஒன்றுமே இல்லை என்றுதான் பொருளா? கட்டாயமில்லை. யாக்கோபு 2:15-ல் சாப்பாட்டுக்கே வழியில்லாதவர்களையும் ‘கும்னோஸ்’ என்கிறது. போதிய துணியில்லாதவர்கள் என்றுதான் அங்கே எடுக்க வேண்டும். ரோமரையும் 2 கொரிந்தியரையும் எழுதிய பவுல், கொரிந்தியரில் இதைப் பசியோடும் குளிரோடும் சேர்த்துச் சொல்வதும் அந்த வறுமையைத்தான். வெளிப்படுத்தலில் மட்டும் அது உருவகம்.