கையால் கட்டிய தூண்டில் ராடின் கார்க் கைப்பிடிக்கு வார்னிஷ் அடிக்கலாமா? அடிக்காவிட்டால் கறுத்துப்போகிறதே?

வார்னிஷ் வேண்டாம். மெலமைன் பாலிஷ், பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் எதுவும் வேண்டாம். கார்க்குக்குள் இறங்கி உலரும் எண்ணெயை மெல்லிசாக இரண்டு முறை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒன்றுமே பூசாமல் அவ்வப்போது கழுவிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். பதில் இவ்வளவுதான். ஆனால் 'கறுத்துப்போகிறதே' என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே நல்ல கார்க் பிடிகள் குப்பைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் நல்ல விலை கொடுத்து ஒருவரிடம் ராட் கட்டி வாங்கியிருக்கிறீர்கள், கடலிலோ கழிமுகத்திலோ மீன் பிடிக்கிறீர்கள், யாரோ ஒரு டப்பாவைக் காட்டி 'இதை அடிச்சா சொட்டுத் தண்ணி இறங்காது' என்று சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். டப்பாவை இன்னும் திறக்கவில்லை என்றால் மிகவும் நல்லது.

நான் சென்னையில் சின்ன அளவில் ராட் கட்டித் தருகிறேன். கொஞ்ச காலம் முன்பு தூத்துக்குடிக்காரர் ஒருவர் ஒரு ராடை எடுத்துக்கொண்டு வந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இங்கே மகன் வீட்டில் இருப்பவர். முட்டுக்காடு, கோவளம் பக்கம் கொடுவா பிடிக்கப் போவார். ராட் அவருடைய மச்சினர் சிங்கப்பூரில் இருந்தபோது தன் கையாலேயே கட்டிக் கொடுத்தது. அருமையான வேலை. கைடுகளை, அதாவது தூண்டில் நூல் ஓடும் கண்ணிகளை, ராடோடு பிணைக்கும் நூல்கட்டு ஒவ்வொன்றும் இடைவெளி இல்லாமல் இருந்தது. ஆனால் பின்பிடியைச் சுற்றி கிரிக்கெட் மட்டைக்குப் போடும் ரப்பர் உறை. அதை உரித்தேன். உள்ளே மஞ்சள் பூத்து, விரிசல் விட்டு, செதில் செதிலாக எழும்பி நின்ற ஒரு படலம். அதற்கு அடியில் கறுப்புப் புள்ளிகள், புழுங்கின வாடை.

விசாரித்தால், வீட்டில் கல்யாணத்துக்காகக் கதவு ஜன்னலுக்கு மெலமைன் அடிக்க வந்த ஆட்கள், பாசத்தில் ராடின் பிடிக்கும் ஒரு கோட் கொடுத்திருக்கிறார்கள். அடித்த அன்று கண்ணாடி மாதிரி இருந்ததாம். நனைந்த கையோடு பிடித்தால் வழுக்கியது. அதற்காகத்தான் ரப்பர். ரப்பருக்குள் உப்புத்தண்ணீர் தேங்கி மிச்ச வேலையையும் முடித்துவிட்டது.

"கார்க்கை வெட்டி எறிஞ்சுட்டு கறுப்பு ஸ்பாஞ்சைப் போட்டுக் குடுத்துருங்க தம்பி" என்றார்.

"அண்ணாச்சி, ஒரு வாரம் எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. வெட்டுறதுன்னா எப்ப வேணா வெட்டிக்கலாம்" என்றேன்.

வெட்ட மனம் வராததற்குக் காரணம் உண்டு. கார்க் என்பது கார்க் ஓக் மரத்தின் பட்டை. உலகத்தில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதி போர்ச்சுகலில் இருந்து வருகிறது. நட்ட மரத்தில் முதல் பட்டை உரிக்கவே சுமார் 25 ஆண்டு ஆகும். அதன் பிறகு 9 ஆண்டுக்கு ஒரு முறைதான் உரிக்கலாம். அங்கே அது சட்டம். உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை மரத்திலேயே வெள்ளைப் பெயின்டால் எழுதிவைப்பார்கள். முதல் இரண்டு உரிப்பில் வரும் பட்டை கரடுமுரடானது, தரமான பாட்டில் மூடிக்கு ஆகாது. மூன்றாவது உரிப்பில்தான் சீரான பட்டை கிடைக்கும். அதாவது மரத்துக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். அதில் முதல் தரத்தை ஒயின் மூடிக்காரர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். மிச்சத்தில் இருந்து பொறுக்கித்தான் நமக்கு, பிடியாக அடுக்கி ஒட்டும் அரை அங்குல வளையங்கள் வருகின்றன. அண்ணாச்சியின் ராடில் இருந்தவை குழி அதிகம் இல்லாத வளையங்கள். இன்றைக்கு அந்தத் தரம் கேட்டால், 'ட்ரிபிள் ஏ' என்று ஆளுக்கொரு அளவுகோலில் எதையோ அனுப்புகிறார்கள்.

இன்னொன்று, கார்க்குக்கு நீங்கள் நீர்காப்பு செய்யத் தேவையே இல்லை. ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 4 கோடி மூடிய அறைகள், உள்ளே காற்று, அறைச் சுவரில் சூபரின் என்ற மெழுகுத் தன்மையுள்ள பொருள். தண்ணீர் உடம்புக்குள் இறங்காது. இறங்குகிற இடம் குழிகள்தான். மரம் மூச்சு விடுவதற்காகப் பட்டையில் குறுக்கே ஓடும் சின்னத் துளைகள், பழுப்புத் தூள் அடைந்து கிடக்கும். அழுக்கும் ஈரமும் தங்குவது அங்கே. மேலே கடினமான படலம் போட்டால் என்ன ஆகும்? கார்க் அமுங்கும், விரியும். படலம் அமுங்காது. விரிசல் விடும். விரிசல் வழியே போன தண்ணீர் படலத்தின் கீழே மாட்டிக்கொண்டு வெளியே வர வழி தெரியாமல் கறுக்கும். ஆகவே காப்பாற்ற வேண்டியது குழிகளை. மேற்பரப்பு திறந்து இருந்தால்தான் ஈரக் கையிலும் பிடிப்பு கிடைக்கும்.

அண்ணாச்சி ராடுக்குச் செய்ததைச் சொல்கிறேன். பெயின்ட் ரிமூவர் பக்கம் போகவில்லை. அது பிளாங்கின் (ராடின் தண்டு) பூச்சையும் வளையங்களை ஒட்டிய எபாக்ஸிப் பசையையும் தின்றுவிடலாம். பிளாங்க், ரீல் சீட் (ரீலைப் பொருத்தும் இடம்) இரண்டுக்கும் மாஸ்கிங் டேப் சுற்றிவிட்டு, ரேசர் பிளேடைச் செங்குத்தாகப் பிடித்துப் படலத்தை மட்டும் சுரண்டினேன். பிறகு 150 நம்பர் உப்புத்தாளை நீளப் பட்டையாகக் கிழித்து, ஷூவுக்குப் பாலிஷ் போடும்போது துணியை இழுப்பது போல இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தேன். கட்டி முடித்த ராடை லேத்தில் மாட்ட முடியாது, இந்த முறைதான் வட்டம் கெடாமல் வரும். மாஸ்க் கட்டாயம். கார்க் தூள், முக்கியமாகப் பூஞ்சை பிடித்த கார்க்கின் தூள், நுரையீரலுக்கு ஆகாது. போர்ச்சுகலில் கார்க் ஆலைத் தொழிலாளர்களுக்கு வரும் நோய்க்கு சூபரோசிஸ் என்று பெயரே இருக்கிறது.

அடுத்தது குழிகள். பல்குத்தும் குச்சியால் உள்ளே இருந்த கறுப்பைக் கிளறி எடுத்து, ஸ்பிரிட் நனைத்த பிரஷால் துடைத்து, முழுதாகக் காயவிட்டேன். நல்ல கார்க் துண்டு ஒன்றைத் தேய்த்து எடுத்த தூளும், தண்ணீர் தாங்கும் மரப்பசையும் கலந்து அடைத்தேன். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். தூள் அதிகம், பசை குறைவு, பிசைந்தால் உதிரும் நிலைக்குச் சற்று முன் நிற்க வேண்டும். பசை கூடினால் அடைப்பு கறுப்பாகத் தெரியும், கார்க்கைவிட இறுகிப்போகும். இறுகினால் உப்புத்தாள் சுற்றியிருக்கும் மெத்தென்ற கார்க்கைத் தின்றுவிட்டு அடைப்பை மேடாக விட்டுவிடும். எபாக்ஸியில் தூள் கலந்து அடைத்தால் இது இன்னும் மோசம். கம்பெனி ராடுகளில் சில மாதத்திலேயே பொலபொலவென்று உதிர்கிற அடைப்பு, அழுக்கை எடுக்காமல் குழியின் வாயை மட்டும் பூசியதால் வருவது.

காய்ந்த பிறகு உப்புத்தாள் 220, 320, கடைசியாக 400. அழுத்தவே கூடாது. 400-க்கு மேல் போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வழவழப்பு கடைக் கண்ணாடிக்கு அழகு, கொடுவா இழுக்கும்போது கைக்கு உதவாது.

பிறகு எண்ணெய். டங் எண்ணெய் (டங் மரக்கொட்டையில் இருந்து எடுப்பது), அல்லது துப்பாக்கிக் கட்டைக்குப் பூசும் ட்ரூ ஆயில். யூ-40 கார்க் சீல் என்று இதற்கென்றே விற்பதும் உண்டு, கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். பனியன் துணியில் சில சொட்டு விட்டுத் தேய்த்து, சில நிமிடம் கழித்து வேறு துணியால் இறுக்கித் துடைத்துவிட வேண்டும். கையில் பளபளப்புத் தெரிந்தால் அதிகம் பூசிவிட்டீர்கள் என்று பொருள். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு இரண்டாவது முறை. ஐப்பசி மழையில் ஒரு நாள் போதாது, விரலில் ஒட்டாத வரை பொறுங்கள்.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டையும் தயவுசெய்து தொடாதீர்கள். அவை முழுதாக உலராது. பிசுபிசுத்து, சிக்கு வாடை அடித்து, தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். பச்சை ஆளிவிதை எண்ணெய் உலரும், ஆனால் மெதுவாக. நம் கடற்கரைப் புழுக்கத்தில் பூஞ்சைக்குச் சாப்பாடு போட்ட மாதிரி ஆகிவிடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். இந்த எண்ணெய்கள் உலரும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவிட்டுப் போடுங்கள்.

விரித்துக் காயப்போடுவது என்றதும் என் வயிற்றெரிச்சல் ஒன்று. நான் இருப்பது அடுக்குமாடியில். மொட்டைமாடியில் ஒரு மூலையில் ராடை நிறுத்திக் காயவிட்டால் 'எண்ணெய் வாடை' என்று குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் புகார் வருகிறது. பகலில் சின்ன லேத்தை ஓட்டினால் 'தொழிற்சாலை நடத்துகிறார்' என்கிறார்கள். அதே கட்டடத்தில் மாதக்கணக்கில் கிரானைட் அறுக்கிறார்கள், தூசி படிக்கட்டு முழுக்க இறங்குகிறது, அதற்கு ஒரு வார்த்தை கிடையாது. மாடுலர் கிச்சன் என்றால் முன்னேற்றம், ஒரு மனிதன் கையால் ஒரு பொருள் செய்தால் தொந்தரவு. பராமரிப்புக் கட்டணத்தை நானும் அவர்களைப் போலத்தான் கட்டுகிறேன். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் இந்த ஊரில் கைவேலை செய்கிறவர்கள் ஏன் குறைந்துகொண்டே போகிறார்கள் என்று கேட்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

இனி, பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு. 'நாங்கள் ஒன்றுமே பூசியதில்லை, ராட் நன்றாகத்தான் இருக்கிறது' என்பீர்கள். நான் மறுக்கவில்லை. நீலகிரியில் ட்ரவுட் பிடிப்பவருக்கும் ஏரியில் விரால் பிடிப்பவருக்கும் பூசாத கார்க்கே போதும். உப்புத்தண்ணீர், வியர்வை, இறால் இரை, மீன் கொழகொழப்பு எல்லாம் ஒரே கையில் சேரும் இடத்துக்குத்தான் எண்ணெய் என்கிறேன். 'ஈவிஏ ஃபோம் (அந்தக் கறுப்பு ஸ்பாஞ்ச்) போட்டால் இந்தத் தொல்லையே இல்லை' என்பதும் உண்மை. படகில் இருந்து கனமான ஜிக்கிங் (எடையுள்ள உலோக இரையை இறக்கி மேலும் கீழும் சுண்டி இழுப்பது) செய்பவருக்கு நானே ஈவிஏ-தான் போடுவேன். ஆனால் மீன் மெதுவாக இரையைத் தொடுவது உள்ளங்கையில் தெரிய வேண்டும் என்றால் எனக்குக் கார்க்தான்.

அண்ணாச்சியின் பிடி முன்பைவிட ஒரு சுற்று ஒல்லியாகிவிட்டது, அதை அவரிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். இரண்டு இடத்தில் அடைப்பு கொஞ்சம் கறுப்பாகத் தெரியும். வாங்கிக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மச்சான் கட்டுனது அப்படியே இருக்கே" என்றார். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த நல்ல கூலிகளில் அது ஒன்று.

இப்போது உங்கள் ராடுக்கு வருகிறேன். கை படும் இடம் மட்டும் மழமழவென்று கறுத்திருந்தால் அது வெறும் வியர்வையும் அழுக்கும். பாத்திரம் கழுவும் சோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, மெலமைன் ஸ்பாஞ்சால் (கறை துடைக்க விற்கும் வெள்ளை ஸ்பாஞ்ச், பாலிஷ் அல்ல) லேசாகத் தேய்த்தால் போய்விடும். அந்த ஸ்பாஞ்சே மென்மையான உப்புத்தாள் மாதிரிதான் வேலை செய்யும், அழுத்தாதீர்கள். பிளீச்சிங் பவுடர் கூடாது, கார்க் வறண்டு உதிரும். குழிக்குள் மட்டும் கறுப்பு இருந்தால் மேலே சொன்னபடி கிளறி அடைக்க வேண்டும். வாங்கும்போது பிடியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் எடுக்கவில்லை என்றால் இன்றைக்கே எடுங்கள், ஈரம் தங்குவதே அதற்குள்தான். கடலில் இருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காய்ந்த பிறகுதான் ராடை அதன் பைக்குள் போட வேண்டும்.

ஏற்கெனவே வார்னிஷ் அடித்துவிட்டீர்கள் என்றால், எந்த டப்பா என்பதையும் பிடியின் தற்போதைய விட்டத்தையும் பின்னூட்டத்தில் எழுதுங்கள். சுரண்டி எடுக்கிற அளவுக்குச் சதை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை யார் சொன்னாலும் வெட்டக் கொடுத்துவிடாதீர்கள். கட்டி முடித்த ராடில் புது வளையங்களை நுழைக்க வேண்டுமானால் கைடுகளையோ ரீல் சீட்டையோ கழற்றியாக வேண்டும், இல்லையென்றால் வளையத்தை இரண்டாகப் பிளந்து ஒட்ட வேண்டும். இரண்டுக்கும் ஆகிற செலவு, சுரண்டி அடைத்து எண்ணெய் பூசுவதைவிடப் பல மடங்கு.